போனக்காட்டுக்கு ஒரு முழு சார்ஜ்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதி பதினான்கு, உட்பிரிவு இரண்டு: பொது இடத்தில் மின்கம்பி தொடர்பான எந்த மாற்றத்துக்கும் உறுப்பினர் எழுத்து மூலம் விண்ணப்பித்தால், விண்ணப்பம் பெற்ற நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் அவருக்கு எழுத்து மூலம் பதில் தரப்பட வேண்டும். 'தரப்படலாம்' இல்லை, 'தரப்பட வேண்டும்'. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் நான் முப்பத்து மூன்று வருடம் அரசுச் சம்பளம் வாங்கினேன். ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருடம் இந்தச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து, இந்த விதிகளை எழுதியவனும் நான்தான். ஆகவே ஜனவரி பதின்மூன்றாம் தேதி என் விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டபோது, பிப்ரவரி பன்னிரண்டைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்தேன். எங்கள் சமையலறைக் காலண்டரில் அதற்கு முன் வட்டம் போட்டிருந்தது ஏகாதசிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் மட்டும்.

விண்ணப்பம் சின்னதுதான். கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் என் இடத்துக்கு, என் பெயரில் தனி மீட்டர் வைத்து, கார் சார்ஜ் செய்ய ஒரு லைன் இழுத்துக்கொள்ள அனுமதி. மின்சார அலுவலகத்தில் முன்பே விசாரித்திருந்தேன். சங்கத்தின் ஒப்புதல் கடிதம் மட்டும் கொண்டுவாருங்கள், மீதியை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். அலுவலகங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், தாமதம் அவர்களால் அல்ல.

எழுபது வயதுக்கு மேல் மின்சாரக் கார் வாங்கியது சுற்றுச்சூழலுக்காக இல்லை. என் மனைவிக்கு டீசல் வாசனை ஆகாது. பஸ்ஸானாலும் டாக்ஸியானாலும் நகர எல்லையிலிருக்கும் பேரூர்க்கடை தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும், கையில் எலுமிச்சம்பழம் வந்துவிடும். இந்த வயிற்றை வைத்துக்கொண்டுதான் அவள் இருபத்திரண்டு வயதில் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக வேலைக்குப் போனாள். சனிக்கிழமை மலையிறங்குவாள், திங்கட்கிழமை மலையேறுவாள். ஒவ்வொரு திங்களும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சாலையோரத்தில் குனிந்து நின்று வாந்தியெடுப்பாள். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், கொழுந்து கிள்ளும் குடும்பத்துப் பிள்ளை. திங்கட்கிழமைகளில் பஸ் வரும் நேரத்துக்கு அவள் அங்கே வந்து நிற்பாளாம். எக்கி நின்று டீச்சரின் நெற்றியைப் பிடித்துக்கொள்வாளாம். என் மனைவி இரண்டு வருடத்தில் அந்த வேலையை விட்டாள். நெற்றியைப் பிடித்த கையை அவள் விடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தோட்டம் பாதிக்குமேல் முடங்கிவிட்ட பிறகும், லயம் என்று அவர்கள் சொல்லும் அதே வரிசை வீட்டில் இருக்கிறாள். சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்று இருக்கிறதாம். மாதம் ஒரு தடவை அதன்மேல் ஏறி நின்று பட்டன் போனில் என் மனைவியைக் கூப்பிடுவாள். முகம் காட்டுகிற போன் அவளிடம் இல்லை. இத்தனை வருடமும் வெறும் குரல்தான்.

போன நவம்பரில் கண் டாக்டர், விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்றார். ஓரப் பார்வை நிற்கும், நடுப் பார்வை போய்விடும். ஒரு கண்ணில் ஏறக்குறையப் போய்விட்டது. மற்றதில் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. எல்லாம் சொல்லி முடித்துப் பேனாவை மூடிக்கொண்டு, "டீச்சர் எதையாவது பார்க்கணும்னு நினைச்சா, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது நான் காசியிலிருந்து ஆரம்பித்தேன்.

"கேட்டேளா," என்றாள் அவள். "எனக்குக் காசியும் வேண்டாம், ராமேஸ்வரமும் வேண்டாம். போனக்காட்டுல அவ இருக்காளோல்லியோ, அவ மொகத்தைப் பாக்கணும். அது மதி, வேறொண்ணும் வேண்டாம்."

டிசம்பரில் கார் வந்தது.

வாங்குவதற்கு முன் மூன்று பக்கம் கணக்குப் போட்டேன். மின்சாரக் கார் லாபம் என்பது வீட்டில் சார்ஜ் செய்கிறவனுக்கு மட்டும்தான். வெளியே ஸ்டேஷனில் ஏற்றினால் யூனிட்டுக்கு இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். என் வீட்டு மீட்டரிலிருந்தே நான்கு மாடி கீழே ஒயர் இறக்கலாமா என்றும் யோசித்தேன். கார் குடிக்கும் யூனிட்டும் சேர்ந்தால் வீட்டு உபயோகம் வரம்பைத் தாண்டும். தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த கட்டணம். கார் பசிக்கு, குளிர்சாதனப் பெட்டியும் தண்டம் கட்ட வேண்டும். தனி மீட்டர் ஒன்றே முறையான வழி. 'முறையான' என்ற சொல்லை நான் எழுதும்போது என் கையெழுத்து கொஞ்சம் நன்றாகவே விழும்.

மோட்டார் அறைக்குப் பக்கத்தில், பொது மீட்டரில் ஒரு பிளக் இருக்கிறது. "சாரே, ஒரு தடவை குத்திக்கோங்க, ஆரு அறியப் போறா?" என்றார் காவலாளி. விதி ஒன்பது: பொது மின்சாரத்தைத் தனி உபயோகத்துக்கு எடுக்கலாகாது. அதையும் நான்தான் எழுதினேன். காவலாளிக்கு அதை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் செல்போன் சார்ஜரை அந்தப் பிளக்கிலிருந்து மெதுவாக உருவி எடுத்துக்கொண்டு போனார்.

ஆக, அனுமதி வரும்வரை வெளியே அரைகுறையாக ஏற்றிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் ஓட்டினேன். போனக்காடு மலையேற்றம், மேலே சார்ஜ் செய்ய இடமில்லை, முழுதாக ஏற்றாமல் போகக்கூடாது. லைன் வரட்டும், வீட்டிலேயே முழுசாக ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பலாம் என்றேன். அவளும் சரி என்றாள். முப்பது நாள்தானே.

பிப்ரவரி பன்னிரண்டு வந்தது, போயிற்று. எனக்குப் பிறகு செயலாளரானவர் மூன்றாம் மாடிக்காரர், மலையாளி, மரியாதை தெரிந்தவர். தூரத்தில் என்னைக் கண்டாலே லிஃப்டைப் பிடித்து நிறுத்தி வைப்பார். "அடுத்த கமிட்டியில் வைக்கிறேன் சாரே" என்றார். அடுத்த கமிட்டிக்கு ஆள் சேரவில்லை, ஒரு கல்யாணம். நான் முதல் நினைவூட்டல் எழுதினேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் எழுதும் எந்தக் கடிதமும் அவள் சிவப்புப் பேனாவுக்குக் கீழே போகாமல் வெளியே போகாது. கல்யாணமான புதிதில், என் மேலதிகாரிக்கு நான் எழுதிய விடுமுறைக் கடிதத்தில் நான்கு பிழை கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து இது நடக்கிறது. முதல் நினைவூட்டலில் ஒரு வாக்கியத்தை அடித்து, "இவ்வளவு குத்தல் வேண்டாம், நம்மாத்துக்கு லிஃப்ட் பிடிச்சு வைக்கற மனுஷன்" என்றாள். இரண்டாவதில், மார்ச் கடைசியில், ஒன்றும் அடிக்கவில்லை. என் நடை மேம்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இடையில் ஒரு நாள் மலையிலிருந்து போன் வந்தது. என் மனைவி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டீச்சரே, வண்டி வாங்கியாச்சுன்னீங்க. பின்னே என்னா தாமசம்?"

"கரண்டு கனெக்‌ஷன் வரலைடீ. சாருக்குப் பதில் வரணும்."

"அதுக்கா? இங்க வந்து சொருகுங்க. எங்க லயத்துல கரண்டு இருக்கில்ல!"

நான் போனை வாங்கி, அவர்கள் வீட்டு ஒயரிங் இந்த லோடைத் தாங்காது என்பதை ஆம்பியர் கணக்கோடு விளக்கினேன்.

"அப்படியா சார்? அப்ப பக்கத்து வீட்லயும் சேத்துச் சொருகிருவோம்."

பாறைமேல் நின்று அவள் சிரிப்பது கேட்டது. என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். போனை வைத்த பிறகு, "வெளியில ஒரு தடவை முழுசா ஏத்திண்டு போயிட்டு வந்தா என்னவாம்?" என்றாள்.

"எழுதியிருக்கேனே. பதில் வரட்டும். முறையா வரட்டும்."

"நீங்க எழுதினது சங்கத்துக்கு. போக வேண்டியது மலைக்கு."

"இன்னும் ஒரு மாசம் பொறு."

"செரி" என்றாள். அதன்பிறகு அவள் அதைக் கேட்கவில்லை. அவள் பொறுமையாக இருக்கிறாள் என்று நான் குறித்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்வதானால், எனக்கு அந்தக் கோப்பு பிடித்துப்போயிருந்தது. ஓய்வு பெற்றவனுக்குக் கிடைத்த கடைசிக் கோப்பு. பச்சை அட்டை வாங்கி, பக்கங்களுக்கு எண் போட்டு, நாடா கட்டி வைத்திருந்தேன். காலையில் காப்பி குடித்தவுடன் அதைத்தான் எடுப்பேன். வெளியே முழுசாக ஏற்றிக்கொண்டு போய்விட்டால் தேவை தீர்ந்துவிட்டதென்று ஆகும். பிறகு எதை வைத்து நினைவூட்டுவது? இதை அப்போது நான் இந்தச் சொற்களில் நினைக்கவில்லை. ஆனால் இதுதான் இருந்தது.

ஏப்ரலில் மூன்றாவது நினைவூட்டல். அதுவே என் படைப்புகளில் சிறந்தது என்பேன். விதி எண், உட்பிரிவு, கடந்த நாட்கள், முந்தைய நினைவூட்டல்களின் தேதி எல்லாம் வரிசையாக இருந்தன. அவளிடம் நீட்டினேன். பால்கனி வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். காகிதத்தை நேராகப் பிடிக்காமல் ஓரமாகப் பிடித்து, தலையைச் சாய்த்து, காக்கை பார்ப்பது போல் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"செரியா இருக்கு."

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லை. நன்னா எழுதியிருக்கேள்."

மே முதல் வாரத்தில் அது திரும்பி வந்தது. செயலாளர் நேரில் கொண்டுவந்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, நின்றுகொண்டே கொடுத்தார். கூட இணைத்திருந்த குறிப்பு இது: பார்வையில் காணப்படும் விண்ணப்பம் ஜனவரி முப்பத்தொன்றாம் தேதியிட்டதாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. அத்தேதியில் பதிவேட்டில் எந்த விண்ணப்பமும் இல்லை. எனவே திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்.

பதின்மூன்றை முப்பத்தொன்று என்று எழுதியிருந்தேன்.

"இது கைப்பிழை. உங்களுக்கே தெரியுமே" என்றேன்.

"தெரியும் சாரே. ஆனா உட்பிரிவு மூணு சார் தன்னே எழுதினதல்லே? நான் எப்படி மாத்த?"

உட்பிரிவு மூன்று: குறைபாடுள்ள மனுக்கள் திருப்பி அனுப்பப்படும், திருத்தி அளிக்கப்படும் நாளிலிருந்து முப்பது நாட்கள் புதிதாகக் கணக்கிடப்படும். இதை நான் எழுதியது எந்தச் சந்தர்ப்பத்தில் என்பதும் எனக்கு நினைவிருந்தது. இதே மூன்றாம் மாடிக்காரர் அப்போது பால்கனியில் கம்பி வலை போட அனுமதி கேட்டிருந்தார். வரைபடம் இணைக்கவில்லை என்று ஒரு தடவை, இணைத்த வரைபடத்தில் அளவு இல்லை என்று ஒரு தடவை, கையெழுத்து விடுபட்டது என்று ஒரு தடவை திருப்பினேன். அவர் மகள் அப்போது தவழ ஆரம்பித்திருந்தாள். வலை வருவதற்குள் நடந்துவிட்டாள். எனக்கு அது நிர்வாகம். அவருக்கு அந்த ஐந்து மாதமும் பால்கனிக் கதவு பூட்டியிருந்தது.

அவர் பழி வாங்கினார் என்று நான் நினைக்கவில்லை. பழி வாங்குகிறவர் லிஃப்டைப் பிடித்து வைக்கமாட்டார். என்னிடமிருந்து கற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

அவர் போனதும் நான் சமையலறைக்குப் போய்க் கத்தினேன். "ஒரு தேதியைக்கூடப் பாக்க முடியலையா உன்னால?"

அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"முடியலை."

"என்ன முடியலை?"

"எழுத்தே தெரியலை, கேட்டேளா. ரெண்டு மாசமா. வரி இருக்கறது தெரியறது, நடுவுல பொகை மாதிரி இருக்கு."

"பின்னே ஏன் செரின்னு சொன்னே?"

"நீங்க அத்தனை ஆசையா எழுதிண்டு வந்து நீட்டறேள். வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

கொத்தவரங்காய்த் துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன. பார்த்து நறுக்கவில்லை, விரலால் அளந்து நறுக்கியிருக்கிறாள்.

அன்றைக்கே கீழே போய், காரை எடுத்து, எந்த ஸ்டேஷனிலாவது முழுசாக ஏற்றிக்கொண்டு, மறுநாள் காலையில் அவளை முன்சீட்டில் உட்காரவைத்து மலையேறியிருக்க வேண்டும். மற்ற கண்ணில் அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் செய்தது வேறு. மேஜையில் உட்கார்ந்து திருத்திய மனு எழுதினேன். யாரிடமும் காட்டாமல், தேதியை மூன்று தடவை நானே சரிபார்த்து, அன்று மாலைக்குள் கொடுத்து ரசீது வாங்கினேன். அந்த ரசீது இன்னும் பச்சை அட்டையில் இருக்கிறது, பக்கம் பத்தொன்பது.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிகிறது, இப்போது வரவேண்டாம் என்று மலையிலிருந்தே போன் வந்தது. ஜூலையில் டாக்டர் இரண்டாவது கண்ணையும் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார். தள்ளிப் போடாதீங்க என்று இந்தத் தடவை சொல்லவில்லை. ஆகஸ்டில் கமிட்டிக்கு ஓணம் வேலை. வாசலில் பூக்களக் கோலம் யார் போடுவது என்பதில் இரண்டு மாடிகளுக்குள் தகராறு, என் மனு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஓணம் முடிந்த வாரம் மலையிலிருந்து அந்தப் பெண்ணே இறங்கி வந்தாள்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்துக்கொண்டேன். பச்சைச் சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. காரில் முன்சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "சத்தமே இல்லையே சார். ஓடுதா, நிக்குதா?" என்றாள். பிறகு, "டீச்சருக்கு இது தோதுதான்" என்றாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

கதவைத் திறந்தவுடன் என் மனைவி அவள் குரலை வைத்தே இரண்டு கையையும் நீட்டினாள். பிடித்திழுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் உட்காரவைத்தாள். நேராகப் பார்த்தாள். தலையைச் சாய்த்து ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள்.

"தோடு தெரியறது" என்றாள். "காது தெரியறது. தலைமுடி நரைச்சிருக்கு, அதுவும் தெரியறது. நடுவுல ஒண்ணும் இல்லைடீ."

"அது நல்லதுக்குத்தான் டீச்சரே. நடுவுல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு பல்லும் போயாச்சு."

இருவரும் சிரித்தார்கள். என் மனைவி சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கோ. எப்படி இருக்கா?"

எத்தனையோ ஆயிரம் குறிப்பு எழுதியிருக்கிறேன். ஒரு முகத்தைச் சொல்லத் தெரியவில்லை. "மாநிறம். இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு. நெத்தி கொஞ்சம் அகலம்" என்றேன்.

"பாஸ்போர்ட்டுக்கு எழுதற மாதிரின்னா சொல்றேள்" என்றாள்.

அந்தப் பெண் எழுந்து வந்து, என் மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று, உள்ளங்கையால் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப எக்க வேண்டாம்" என்றாள். நான் காப்பி போடப் போனேன். அவளுடையது பாட்டியம்மாள்களுக்கு இருப்பது போன்ற முடிச்சுக் கை, கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல்கள். இதைச் சொல்லியிருக்கலாம் என்று பால் பொங்கிய பிறகுதான் தோன்றியது.

பையில் தேயிலைத்தூள் அரைக் கிலோவும் எலுமிச்சம்பழம் நான்கும் இருந்தன.

மாலையில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, முதல் தடவையாக ஒரு ஸ்டேஷனில் நிறுத்தி முழுசாக ஏற்றினேன். ஒரு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். நூறு என்று திரையில் வந்ததும், பில்லைப் பார்த்து மனக்கணக்குப் போட்டேன், பழக்கம். வீட்டில் ஏற்றியிருந்தால் ஆகக்கூடியதைக் கழித்தேன். மிஞ்சியது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டுக் காப்பி குடித்தால் கொடுக்கும் தொகை. என் மூன்று பக்கக் கணக்கில் இந்த வரி மட்டும் இல்லை. அந்தச் சார்ஜோடு கார் ஒரு மாதம் கீழ்த்தளத்தில் சும்மா நின்றது.

பிறகு பதில் வந்தது. செயலாளரே கொண்டுவந்தார். வாசலில் நின்று, "தாமசமாயிப் போச்சு சாரே" என்றார். "விதிப்படிதானே" என்றேன். என் மனைவி சுவரைத் தொட்டுக்கொண்டு கூடத்துக்கு வருவதைப் பார்த்துவிட்டு, அவர் படியிறங்கிப் போனார். லிஃப்டில் போகவில்லை.

"என்னது?"

"சங்கத்துக் கடுதாசி. லைன் போட்டுக்கலாமாம்."

"வாசியுங்கோ, கேக்கறேன்."

பார்வை, பொருள், நிபந்தனைகள் மூன்று, ஒப்பம் என்று முழுவதும் வாசித்தேன். அவள் சிவப்புப் பேனா மேஜையில் பழைய இடத்திலேயே இருந்தது. நான் முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"தேதி சரியா போட்டிருக்காரா?"

பார்த்தேன். ஜனவரி பதின்மூன்று சரியாக இருந்தது. திருத்தி அளித்த மே மாதத் தேதியும் சரியாக இருந்தது. "போட்டிருக்கார்" என்றேன். பச்சை அட்டையை எடுத்து நாடாவை அவிழ்த்தேன். கடிதத்தின் வலது மேல் மூலையில், முப்பத்து மூன்று வருடப் பழக்கத்தில், பெறப்பட்டது என்று எழுதி, கீழே தேதி போட்டேன்: அக்டோபர் பதினாறு, வியாழக்கிழமை.